வாக்குக் கேட்டு வருவோரே, பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வீர்கள்?

தேர்தல் வந்துவிட்டால் நம் ஊர்ப்பக்கம் திருவிழாக் கோலம்தான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாய் வரும். ஐந்தாண்டு காலம் கண்ணிற் படாதவர்கள் கைகூப்பி வாசலில் வந்து நிற்பார்கள். "அக்கா, மறந்துடாதீங்க" என்பார்கள். பாட்டிமார் காலில் விழுவோரும் உண்டு. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தமிழ்நாடு முழுவதும் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நம் கன்னிவாடிப் பேரூராட்சியும் வாக்களித்தது. 2011க்குப் பிறகு அப்போதுதான் தேர்தல்! 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்த பின்னர் ஐந்தாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர்களே ஊரை நிருவகித்தனர். அத்தனை நாள் கழித்து வந்த வேட்பாளர்களிடம் மக்கள் கேட்டவை குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, சாலை. தவறில்லை. அவை வேண்டியவைதாம். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பற்றி யார் கேட்டார்கள்?

வேட்பாளர்கள் தாமாகப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது அது பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும். ஒன்று, "நம் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்திக் காட்டுவேன், கல்லூரி கொண்டு வருவேன்" என்பது. மற்றொன்று, தம் கட்சி கொண்டுவந்த சத்துணவையோ காலை உணவையோ எடுத்துச் சொல்லித் தமக்கு வாக்குக் கேட்பது. இரண்டிலுமே வார்டு உறுப்பினருக்கு வேலை இல்லை. பள்ளியைத் தரம் உயர்த்துவது மாநில அரசின் கல்வித்துறை. கல்லூரி கொடுப்பதும் அரசே. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் முதலமைச்சரால் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதியிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதை நம் வார்டு வேட்பாளர் கொடுக்கவுமில்லை, நிறுத்தவும் முடியாது. 2024-25இல் சமக்ர சிக்ஷா நிதி தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படாமல் நின்றதே, அது டில்லிக்கும் சென்னைக்கும் நடந்த வழக்கு. ஆகவே இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக் கைதட்டுவதில் பயனில்லை.

அப்படியானால் உள்ளாட்சிக்கும் கல்விக்கும் தொடர்பே கிடையாதா என்று மாணவியர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

உங்கள் தாத்தா பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். "போர்டு ஸ்கூல்" என்பார்கள். ஜில்லா போர்டு நடத்திய பள்ளி என்பது பொருள். 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கல்விக்கென வரி விதிக்க உள்ளாட்சி அமைப்புகளுக்கு உரிமை கொடுத்தது. இன்றும் நகராட்சி, மாநகராட்சிகளின் சொத்துவரிக்குள் கல்வி வரி என ஒரு பங்கு இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதே 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட்டு நண்பகல் உணவு கொடுக்க மன்றத்தில் ஒப்புதல் பெற்றார். மதிய உணவின் வரலாறு சட்டசபையில் தொடங்கவில்லை. ஓர் உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானத்தில் தொடங்கியது. பின்னர் காமராசர் முதலமைச்சராயிருந்தபோது 1956இல் அது மாநிலத் திட்டமாக விரிந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். வேர் எங்கே இருந்தது என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது.

1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. ஜில்லா போர்டுகளின் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்புக்கு வந்தன. ஆசிரியரை அமர்த்துவது, மாற்றுவது, சம்பளம் கொடுப்பது எல்லாம் அங்கிருந்துதான். ஒன்றியத் தலைவருக்குப் பிடிக்காத ஆசிரியர் ஒரே இரவில் வேறு ஊருக்குத் தூக்கியடிக்கப்பட்ட கதைகளை ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்கள் இன்றும் சொல்வார்கள். 1981 ஜூன் 1 முதல் அவ்வாசிரியர்கள் அரசு ஊழியராயினர். அன்று அவர்கள் விட்ட நிம்மதிப் பெருமூச்சில் நியாயம் இருந்தது. ஆனால் பெயர்ப்பலகையில் மட்டும் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று நிலைத்துவிட்டது! ஊருக்குச் சொந்தம் என்று பலகை சொல்கிறது. ஊராரோ அது அரசாங்கத்துப் பள்ளி என்று ஒதுங்கிவிட்டனர். என் கருத்தில், ஆசிரியர்கள் அடைந்த நன்மையோடு கூடவே வந்த நட்டம் இது.

அரசியல் சாசனம் இதை இன்னும் ஊரின் கணக்கில்தான் வைத்திருக்கிறது. 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது திருத்தங்களின்படி சேர்க்கப்பட்ட அட்டவணைகளில், ஊராட்சிகளுக்குரிய இனங்களுள் தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி ஒன்று. நகர அமைப்புகளுக்குரிய இனங்களுள் பண்பாடு, கல்வி, அழகியல் மேம்பாடு ஒன்று. ஆனால் அட்டவணையில் எழுதியவற்றுள் எவ்வளவு அதிகாரத்தை ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு பள்ளிகளைப் பெரும்பாலும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

நிற்க. ஆசிரியரும் பாடமும் மன்றத்தின் கையில் இல்லை. ஆனால் பள்ளியைச் சுற்றியுள்ள அத்தனையும் அதன் கையில் இருக்கிறது. பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்கு இணைப்பு கொடுப்பது யார்? பேரூராட்சி. பள்ளி வாசலில் தேங்கும் சாக்கடையை அள்ளுவது யார்? பேரூராட்சி. குப்பை, தெருவிளக்கு, பள்ளிக்குப் போகும் தெரு, எல்லாம் அதன் கடமை. அரசுப் பள்ளிகளின் கழிப்பறைகளைத் தூய்மை செய்ய ஆள் வைக்கும் ஏற்பாடும் உள்ளாட்சி வழியாகவே வந்தது. நூலக வரியை வசூலிப்பதும் உள்ளாட்சிதான்.

இவையெல்லாம் சிறு காரியங்களா? தாய்மார்களுக்குத் தெரியும், சிறு காரியங்கள் அல்ல என்று. கழிப்பறையில் தண்ணீர் இல்லாததாலும் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததாலும் காலை முதல் மாலைவரை தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்காரும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்தில் மூன்று நான்கு நாள் அதற்காகவே வீட்டில் தங்கிவிடுவோர் இருக்கிறார்கள். அப்படித் தங்கிய நாட்கள் கூடிக்கூடி ஒரு நாள் பிள்ளை பள்ளியைவிட்டே நின்றுவிடுகிறாள். "படிப்பு ஏறவில்லை" என்று ஊர் சொல்கிறது. தெருவிளக்கும் அப்படித்தான். தருமத்துப்பட்டி, ஆடலூர், பன்றிமலை என்று மலையடிவாரத்திலும் மலைமேலும் உள்ள ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸை நம்பிப் படிப்பவர்கள். கன்னிவாடி வனச்சரகத்தில் யானை இறங்கும் செய்தியை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். அவர்கள் நடந்துபோகும் வழியிலேயே பார்க்கிறார்கள். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு விளக்கு எரியுமா எரியாதா என்பதைப் பொறுத்து, மகளை மேலே படிக்க வைக்கலாமா என்று ஒரு தகப்பனார் முடிவெடுக்கிறார். பள்ளி நேரத்துக்கு பஸ் விடுவது போக்குவரத்துக் கழகத்தின் வேலைதான். ஆயினும் மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால் அதற்கு மதிப்புண்டு. கேட்காத ஊருக்கு எந்த பஸ்ஸும் வந்ததில்லை.

இனி, வார்டுத் தேர்தலைவிடப் பள்ளிக்கு நெருக்கமான வேறொரு தேர்தலுக்கு வருகிறேன். அதற்கு ஒலிபெருக்கியும் இல்லை, சுவரொட்டியும் இல்லை. அது நடந்ததே பலருக்குத் தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுவைத்தான் சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இக்குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா எனப் பார்ப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது எனக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இவர்கள் வேலை. அந்த வளர்ச்சித் திட்டமே அரசும் உள்ளாட்சியும் கொடுக்கும் மானியத்துக்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் 20 பேர் கொண்டவையாகப் புதிதாக அமைக்கப்பட்டன. தலைவராக இருக்க வேண்டியவர் யார் தெரியுமா? அப்பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்! இரண்டு உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் நாற்காலி உண்டு. 2024 ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது எண்ணிக்கையை 24 ஆக்கி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

ஆக, நாம் வார்டில் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர் பள்ளிக் குழுவிலும் உட்காரக்கூடியவர். தண்ணீர் வரவில்லை என்று தலைவியான தாய் சொல்லும்போது, குழாய்க்குப் பொறுப்பான மன்றத்தின் உறுப்பினர் அதே மேசைக்கு எதிரில் இருப்பார். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்?

எனக்குத் தெரிந்த தாயார் ஒருவர் இப்படித்தான் ஒரு பள்ளியில் தலைவியானார். கூட்டத்துக்குப் போனார், "யாராவது ஒரு அம்மா பேர் கொடுங்க" என்றார்கள், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், இவர் குனியத் தாமதித்தார், தலைவியாகிவிட்டார்! போட்டியில்லை. என்ன செய்வீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. அதன்பின் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கு ஆண்டுதோறும் மானியம் வருகிறது என்பதும், மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அது பல்லாயிரம் ரூபாய் என்பதும் அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவரைக் குறை கூற மனம் வரவில்லை. காட்டு வேலைக்கோ மில்லுக்கோ போகிற தாய்க்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. பேரூராட்சி உறுப்பினருக்கு 2023 ஜூலை முதல் மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் கிடைக்கிறது. பள்ளிக் குழுத் தலைவியான தாய்க்கு மதிப்பூதியம் எதுவும் கிடையாது. கூட்டத்துக்கு வரும் நாளின் கூலியையாவது கொடுக்கக் கூடாதா? மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கூட்டம் வைக்கக் கூடாதா? இது என் தாழ்மையான, ஆனால் உறுதியான கருத்து.

வெளிநாட்டு வழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்து நாட்டில் 1989ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்குப் பிறகு அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓர் ஆட்சிக்குழு உண்டு. அதற்குப் பெற்றோரே வாக்களிக்கிறார்கள். மூன்றாண்டுக்கொரு முறை தேர்தல். போட்டியிடும் பெற்றோர், தாம் யார், ஏன் நிற்கிறோம், பள்ளிக்கு என்ன செய்ய எண்ணுகிறோம் என்று ஒரு சிறு குறிப்பு எழுதித் தரலாம். அதை வாக்குச்சீட்டோடு சேர்த்து எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புகிறார்கள். மேல் வகுப்புகள் உள்ள பள்ளியில் மாணவரே தேர்ந்தெடுத்த மாணவப் பிரதிநிதி ஒருவரும் குழுவில் அமர்கிறார். (பத்தாம் வகுப்பு மாணவியர் முகத்தில் தோன்றும் புன்னகையை இங்கிருந்தே காண்கிறேன்!)

பெண்ணரசியரே, இன்னொன்றும் அறிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை 1918இல்தான் கிடைத்தது, அதுவும் 30 வயதுக்கு மேற்பட்டோருள் ஒரு பகுதியினருக்கு. ஆனால் 1870இல் இலண்டன் மாநகரில் முதல் பள்ளிக் கழகத் தேர்தல் நடந்தபோது, வரி செலுத்திய பெண்கள் அதில் வாக்களிக்கலாம், நிற்கவும் செய்யலாம் என்று இருந்தது. எலிசபெத் காரெட் என்ற பெண் மருத்துவரும், கல்வியாளர் எமிலி டேவிசும் நின்று வென்றார்கள். காரெட் அம்மையார் மேரில்போன் தொகுதியில் 47 ஆயிரத்துக்கும் மேல் வாக்குகள் பெற்று எல்லாரையும் விஞ்சினார். நாட்டை ஆளும் சபைக்குள் பெண் நுழைய முடியாதிருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தின் கதவு வழியாகவே அவர்கள் பொதுவாழ்வுக்குள் நுழைந்தார்கள். தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் 1996இலிருந்து மூன்றிலொரு பங்கும், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் பாதியும் பெண்களுக்குரிய இடங்கள். இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் அமர்ந்து பேசுவது மனைவியா, அவர் பக்கத்தில் நிற்கும் கணவரா என்பதைப் பார்த்தவர்கள் பார்த்தபடி சொல்லட்டும்.

நமக்கென்ன இதில், நம் பள்ளி சகோதரிகள் நடத்தும் பள்ளியாயிற்றே என்று சில பெற்றோர் எண்ணலாம். சட்டப்படி பார்த்தால், சிறுபான்மையினர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. (அத்தீர்ப்பைப் பெரிய அமர்வு மீண்டும் ஆராய வேண்டும் என 2025 செப்டம்பரில் அந்நீதிமன்றத்தின் ஓர் அமர்வு கருதியது.) ஆனால் நம் மாணவியருள் எத்தனை பேர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அகரம் எழுதிவிட்டு இங்கு வந்தவர்கள்! தங்கையும் தம்பியும் இன்னும் அங்கே படிப்பவர் எத்தனை பேர்! அந்தப் பள்ளியின் பின்தங்கிய நிலையை ஆறாம் வகுப்பில் நம் ஆசிரியைகள் நாள்தோறும் காண்கிறார்கள். அன்றியும், பேரூராட்சிக் குழாயும் தெருவிளக்கும் பஸ்ஸும் நம் வாசலுக்கும் உரியவைதாமே?

பள்ளிக்குள் தேர்தலும் பிரசாரமும் வந்தால் கட்சியும் சாதியும் கூடவே வரும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை நான் இகழ மாட்டேன். ஒன்றியத் தலைவர்களிடம் ஆசிரியர்கள் பட்டது நினைவிருக்கிறது. ஆனால் இப்போது போட்டியே இல்லாத இடத்தில் சாதியும் கட்சியும் இல்லாமலா போயிற்று? யாரைத் தலைவியாக்குவது என்று கூட்டத்துக்கு முன்பே நான்கு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடும் ஊர்கள் உண்டு. வெளிச்சத்தில் நடக்கும் போட்டியைவிட இருட்டில் நடக்கும் ஒற்றுமை எனக்கு அதிக அச்சம் தருகிறது. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியபோது, ஊரே கூடி, இன்னார் பெஞ்சு தருகிறேன், இன்னார் கட்டடம் கட்டித் தருகிறேன் என்று மேடையேறிச் சொல்லிப் பள்ளிகளைத் தாங்கியது. எல்லார் முன்னிலையிலும் சொன்ன சொல்லாதலால் அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

நான் கேட்பது பெரிதல்ல. பள்ளிக் குழு அடுத்த முறை அமைக்கப்படும்போது, பெயர் கொடுக்கும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேசட்டும். "கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுவருவேன்", "மானியக் கணக்கைச் சுவரில் ஒட்டுவேன்" என்று ஒரே ஒரு காரியமாவது சொல்லட்டும். பிறகு சீட்டெழுதி வாக்கெடுக்கட்டும். வார்டுக்கு வாக்குக் கேட்டு வருவோரிடமும் அதே கேள்வி: பள்ளிக் குழுக் கூட்டத்துக்கு நீங்கள் வருவீர்களா? பள்ளி வாசலின் சாக்கடையை எந்த மாதத்துக்குள் மூடுவீர்கள்? மேல்நிலைப் பள்ளி, கல்லூரி என்று அவர் தொடங்கினால், "அண்ணே, அது உங்க கையில இல்ல, உங்க கையில இருக்கறதச் சொல்லுங்க" என்று மரியாதையாகவே நிறுத்தலாம்.

2022 மார்ச் 2ஆம் நாள் பதவியேற்ற பேரூராட்சி உறுப்பினர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவு பெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் கவனத்துக்கு: ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள். அவற்றுள் ஒன்றில் 18 வயது நிறைந்திருந்தால் பெயர் சேர்க்கலாம். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். நிரப்ப வேண்டியது படிவம் 6. வயதுச் சான்றின் நகலும், முகவரிச் சான்றின் நகலும், ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு அப்பாவோடோ அம்மாவோடோ வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பாருங்கள்.